பை வைத்தால் ஒளு நிற்குமா

கணபதி, கோயமுத்தூர்
5.8.2024

தம்பி ஆசிப் ஹஜ்ரத்துக்கு அக்கா உம்மல் குல்சும் சலாம் சொல்லி எழுதுவது.

நாலாம் வகுப்புப் படிப்புக்கு இவ்வளவுதான் எழுத வரும், சிரிக்காதே. நம்மைப் பெற்ற அத்தா பேச்சை எடுத்தாலே போனைக் கட் பண்ணுகிறாய். கடுதாசியை எப்படிக் கட் பண்ணுவாய் கண்ணு? உன் வீட்டுக்காரி ஹுமேரா சமையலில் தொப்பை போட்டுவிட்டாயாமே. தாராபுரத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தாவுக்கு ஒரு மாசமாக வெளிக்குச் சரியாகப் போகவில்லை. வயிறு உப்பிக்கொண்டு வாந்தி. குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடலில் புற்றுக்கட்டி. வழியை முக்கால்வாசி அடைத்துவிட்டதாம். "வயசு எழுபத்தெட்டுங்க. தெம்பா இருக்கறப்பவே வெட்டி எடுத்துப்போடலாம். முழுசா அடைச்ச பின்னாடி அவசரத்துல பண்ணுனா உடம்பு தாங்காதுங்க" என்கிறார் டாக்டரம்மா. வெட்டினால் வயிற்றில் துளை போட்டு ஒரு பை வைப்பார்கள். கழிவு அதில் இறங்கும்.

அந்தப் பைக்குத்தான் அத்தா மாட்டேன் என்கிறார். "நெனச்சப்பெல்லாம் பையில எறங்குனா கைகால் கழுவிச் செஞ்ச ஒளு எப்படி நிக்கும்? ஒளு இல்லாம எப்படித் தொழுவேன், எப்படிப் பள்ளிவாசலுக்குள்ள கால் வெப்பேன்?" நம் பள்ளியில் தொழ வைக்கும் ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து, பையோடு தொழலாம், மார்க்கத்தில் கூடும் என்று சொல்லிப் பார்த்தார். "அவரு சின்னப் பையன். மதரஸாவுல ஏழு வருசம் ஓதுன ஆளு எங்க ஊட்லயே இருக்கான். அவன் சொல்லட்டும்" என்றுவிட்டார். இருக்கிறானாம்! வீட்டுக்குள் விடாதவரும் இவர்தான்.

கூடும் என்று ஒரு வரி எழுது. போதும்.

அக்கா
குல்சும்

தாராபுரம்
9.8.2024

மதிப்பிற்குரிய அக்காவுக்கு, சலாம்.

மார்க்கச் சட்டம் எளிது. அத்தா கேட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவேன். ஆனால் கணவரை இழந்த ஹுமேராவை நான் நிக்காஹ் செய்து வாசலில் வந்து நின்ற அன்று, "எனக்கு மகனே இல்லை" என்று கதவைச் சாத்தியவர் அவர். இல்லாத மகன் எப்படிப் பதில் எழுதுவான்? ஒரே ஒரு முறை அவர் வாயால் "ஆசிப்" என்று என்னைக் கூப்பிடட்டும். அன்றைக்கே கிளம்பி வருகிறேன். கூப்பிடுவார். அவருக்கும் உயிர் பெரிதுதானே.

தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி
ஆசிப்

கணபதி
26.8.2024

தம்பி ஆசிப்புக்கு, சலாம்.

அத்தாவின் மௌத்துக்கு வந்தாய், அடக்கத்துக்கு முன் ஜனாஸா தொழ வைத்தாய், யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பிவிட்டாய். நேரில் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

உன் கடுதாசியை நான் அத்தாவுக்குக் காட்டவில்லை. மனசு மாறி இன்னொன்று எழுதுவாய் என்று காத்திருந்தேன். உன் மேல் கோபமும்தான். அதில் ஒரு வாரம் ஓடிவிட்டது. ஒரு நாள் காலையில் வயிறு கல்லாட்டம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டும், "பை வேண்டாங்க" என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சுகிறார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்துத் தெரியாது. நான் உன் கடுதாசியை எடுத்து விரித்தேன்.

"அத்தா, ஆசிப் எழுதியிருக்கானுங்க. பை இருந்தாலும் தொழுகை கூடுமாம். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் புதுசா ஒளு செஞ்சா போதுமாம். பள்ளிக்கும் போலாமாம்."

"அவங் கையெழுத்தா?"

"அவனுதுதானுங்க. இந்தக் கோழிக் கிறுக்கல் வேற யாருக்கு வரும்?"

"இன்னொருக்கா படி அம்மணி."

இரண்டாம் தடவை, நீயே வந்து அவரைப் பள்ளிக்குக் கூட்டிப் போவதாகவும் சேர்த்துப் படித்துவிட்டேன். முதலில் இது இல்லையே என்று கவனித்தாரோ என்னவோ, என்னைப் பார்த்துச் சிரித்தார். "செரி, வெட்டச் சொல்லு" என்றார்.

வெட்டித் திறந்தபோது உள்ளே குடல் ஏற்கெனவே வெடித்திருந்தது. "போன வாரம் வந்திருந்தீங்கன்னா" என்று ஆரம்பித்த டாக்டரம்மா, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அத்தா ஒரே ஒரு தடவை கண் விழித்தார். பையைத் தடவிப் பார்த்தார். "அசர் தொழுகைக்கு நேரமாச்சு, ஆசிப் வந்துட்டானா?" என்றார். பேர் சொல்லித்தான் கேட்டார். வெளியே ஓடிவந்து உனக்குப் போன் போட்டேன். நீ கட் பண்ணினாய். உள்ளே போய், "வந்துட்டே இருக்கானுங்க" என்றேன்.

உன் கடுதாசியைத் தலைமாட்டிலேயே வைக்கச் சொல்லியிருந்தார். மௌத்தானதும், அவரைக் குளிப்பாட்டுமுன் அதை எடுத்துக்கொண்டு வந்து, கேஸ் அடுப்பில் காட்டிக் கொளுத்திவிட்டேன். ஹுமேரா கேட்டாலும், சொந்தக்காரர்கள் கேட்டாலும், நான் படித்ததுதான் நீ எழுதினது. மாற்றிச் சொல்லிவிடாதே.

அத்தா அப்படித்தான் நம்பிப் போயிருக்கிறார்.

அக்கா
குல்சும்