போதும் என்று நீங்கள் சொல்லவில்லை, அண்ணி

என் ஆசை கௌரி அண்ணிக்கு,

நீங்க போய் ஏழு வருஷம் ஆச்சு. இத்தனை நாள் எழுதணும்னு தோணலை. இப்ப வயிறு எரியுது, அதனால எழுதுறேன். யார் வேணும்னாலும் படிக்கட்டும், மறைக்க எனக்கு ஒண்ணுமில்லை.

உங்களுக்குத் தெரியாத சேதி ஒண்ணு. நான் இப்ப ஓசூர்ல டைப்பிஸ்ட். நீங்க தொழில் முனைவோர் பயிற்சிக்குப் போனீங்களே, அதே மையத்துல. கூரையை மாத்திட்டாங்க, மத்தபடி அப்படியேதான் இருக்குது. அன்னிக்கு நம்ம வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்த ஆராய்ச்சிக்கார சார் இப்ப பெரிய ஆளு. தொழில் முனைவோர் கல்வியிலும் திட்ட மேலாண்மையிலும் இதுவரைக்கும் யார் யார் என்ன ஆராய்ச்சி செஞ்சாங்கன்னு திரட்டி ஒரு புத்தகம் எழுதுறார். முதல்ல எல்லாரும் ஆர்வம், ஊக்கம்னு எழுதினாங்களாம், இப்ப திட்டம், காலக்கெடுன்னு எழுதுறாங்களாம். அதைக் காட்ட ஒரு பெரிய வரைபடம். ஒவ்வொரு ஆராய்ச்சிக்கும் ஒரு வட்டம், ஒண்ணை நம்பி இன்னொண்ணு எழுதியிருந்தா நடுவுல ஒரு அம்பு. டைப் அடிக்கிற வேலை என்னுது.

போன வாரம் ஒரு பக்கம் வந்துச்சு. "பயிற்சி முடித்த பெண்களிடம் ஆர்வம் நீடிப்பதில்லை." அதுக்கு ஆதாரம் சாரோட அந்தப் பழைய கணக்கெடுப்புதான். அந்த ஒரு வட்டத்துலருந்து அம்பு அம்பா கிளம்புது. மையத்துப் பரண்ல கிடந்த அந்தக் கணக்கெடுப்புத் தாளை எல்லாம் இறக்கித் தேடினேன். உங்க பேருக்கு நேரா எழுதியிருக்குது: "போதும் என்றார். ஆர்வமின்மை."

அப்படியா சொன்னீங்க, அண்ணி?

அந்தக் காலை எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. மஞ்சக்காமாலை முத்திப்போய் சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தீங்க. மடியில கேன்வாஸ் துணி. பாகலூர் ரோட்டு ஒர்க் ஷாப்புக்குக் குடுக்க வேண்டிய கையுறையை வெட்டிக்கிட்டு இருந்தீங்க. எதிர்ச் சுவத்துல, காலண்டர் தாளோட பின்பக்கம் நீங்களே வரைஞ்ச திட்டம். எந்த வேலை முடிஞ்சா எது, எதுக்காக எது காத்திருக்குதுன்னு கோடு போட்டு வச்சிருந்தீங்க. முக்கால்வாசிக்கு டிக் விழுந்திருந்துச்சு. சார் கேட்டார், "தொழில் என்ன நிலையில இருக்குதும்மா?" நீங்க மூச்சு வாங்கிக்கிட்டே ஒரே வார்த்தை சொன்னீங்க: "சாலு."

நீங்க ஆனேக்கல் பக்கத்துப் பொண்ணு. கன்னடத்துல சாலுன்னா ஓடிக்கிட்டு இருக்குதுன்னு அர்த்தம். மிஷின் சாலு, பம்பு சாலுன்னு தினமும் சொல்லுவீங்க. சார் வீட்டுப் பேச்சு தெலுங்கு. தெலுங்குல சாலுன்னா போதும். இந்த ஊர்ல மூணு பாஷையிலயும் பேரம் பேசிக் கத்திரிக்காய் வாங்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு, கையில கத்திரிக்கோல் வச்சிருக்கிறவ எதைச் சொல்றான்னு திருப்பி ஒரு தடவை கேக்கத் தெரியலை. என்னத்துக்குப் படிச்சாரோ.

அவரை மட்டும் திட்டினா நான் யோக்கியமாகிடுவேனா? நானும் அங்கதான் நின்னேன். எனக்கு ரெண்டு அர்த்தமும் தெரியும். "போதுமா, சரி"ன்னு சார் எழுதினப்போ உங்களுக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை, நிமிந்து என்னைப் பார்த்தீங்க. கட்டில்ல உக்காந்திருந்த அண்ணன், "ஆமா சார், இதோட விட்டுரச் சொல்லிட்டேன்"ன்னார். நான் வாயைத் திறக்கலை. பத்து நாள்ல நீங்க போயிட்டீங்க. காரியம் முடியறதுக்குள்ள அண்ணன் தையல் மிஷினை வித்துட்டார்.

நேத்து சார்கிட்டப் போய் எல்லாத்தையும் சொன்னேன். சிரிச்சார். "ஒரு ஆளுக்காக வரைபடத்தை மாத்த முடியுமா சந்திரா? அதை வச்சு எத்தனை பேர் எழுதிட்டாங்க, தெரியுமா?" எனக்கு வந்த கோபத்துக்கு டைப்ரைட்டரைத் தூக்கிப் போடாம வந்ததே பெருசு. ஒருத்தர் தப்பா எழுதினதைப் பத்துப் பேர் பார்த்து எழுதினா அது சரியாயிடுமா? இன்னும் எத்தனை பேர் சொன்னதை இப்படி மாத்தி எழுதியிருக்காரோ, யார் கண்டது.

முடிஞ்சுபோன கதைன்னா நானும் விட்டிருப்பேன். உங்க மஞ்சுவுக்குப் பத்தொன்பது வயசு. அவளும் அதே பயிற்சிக்கு மனு போட்டா. திட்டம் போடுற பாடம் பொம்பளைங்களுக்கு இனிமே கிடையாதாம், ஊறுகாயும் மெழுகுவத்தியும்தானாம். ஏன்னு கேட்டதுக்கு அந்தக் கணக்கெடுப்பைத்தான் எடுத்து நீட்டினாங்க. உங்க வாயில வராத வார்த்தையைக் காட்டி உங்க பொண்ணை வெளியே நிறுத்துறாங்க. தாளைக் கையில வச்சுக்கிட்டு அவ என்னைக் கேட்டா, "அத்தை, அம்மா நிஜமாவே விட்டுட்டாங்களா?" எனக்குச் செத்துடலாம் போல இருந்துச்சு.

அண்ணன்கிட்ட சொன்னேன். "செத்தவளுக்கு இனிமே எப்படி எழுதினா என்ன"ன்னார். அவருக்கு ஒண்ணுமில்லைதான்.

திங்கக்கிழமை சாரோட புத்தகத்தைப் பத்தி மையத்துல கூட்டம். வெளியூர் காலேஜ் வாத்தியாருங்க எல்லாம் வர்றாங்க. அந்தப் பக்கத்தை நான் டைப் அடிக்க மாட்டேன். வேலை போனாப் போகட்டும். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கேன். எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு படிப்பேன். மஞ்சு என்கூட வர்றா. அண்ணனையும் வற்புறுத்தி வர்றதுக்கு ஒத்துக்க வச்சிருக்கேன், முன்வரிசையில உக்காருவார். அன்னிக்கு அவர் முகத்தைப் பார்த்துத்தான் வாயை மூடினேன். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டே பேசுவேன். மஞ்சு மேல சத்தியம்.

பேச வேண்டிய நேரத்துல பேசாம நின்ன உங்க நாத்தனார்,
சந்திரா