கண்ணாடியில் ஒட்டிய மருந்து

அக்கா,

மருந்துச் சோதனையில் அப்பாவுக்கு முதல் ஊசி போடுவதற்கு முன், "நீங்க லேப்ல இருக்கீங்களே, ஏதாவது சொல்லணுமா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

முந்தைய நாள்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தேள் விஷத்திலிருந்து நாங்கள் பிரித்தெடுத்த வலி மருந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். எலிகளுக்குக் கண்ணாடிக் குழாயிலிருந்துதான் கொடுத்தேன். நான் எழுதிவைத்த அளவில் பாதிகூட அவற்றுக்குள் போயிருக்காது. அந்த அளவை நம்பித்தான் அப்பாவுக்கும் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக்கில் அது ஒட்டாது; அப்பாவுக்குள் முழு அளவும் போய்விடும்.

உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது? நாலு வருஷமாக வலியில் தூங்காத மனிதர், அன்று தானே முகம் மழித்துக்கொண்டு வந்திருந்தார்.

"எத்தனை தேளை அடிச்சிருப்பேன், எல்லாம் சேந்து பழி வாங்க வருதுடி" என்றார். நர்ஸ் சிரித்தாள்.

ஊசி ஏறியதும், "வலி போயிடுச்சும்மா" என்றார். சற்று நேரத்தில், "நாக்கு மரத்துப்போச்சு" என்றார். அப்போதுதான் டாக்டரிடம் ஓடினேன். உன்னிடம் போனில் மயக்கம் என்றுதான் சொன்னேன்; உண்மையில் அவருக்கு மூச்சே நின்றுபோனது.

மூன்று நாள் அவருக்காக மெஷின்தான் மூச்சு விட்டது. பிழைத்துக்கொண்டார். சோதனையை நிறுத்திவிட்டார்கள், வலியும் திரும்பிவிட்டது. "நல்ல மருந்தாச்சே, ஏன் நிறுத்திட்டாங்க?" என்று தினமும் என்னைக் கேட்கிறார்.

உன் தங்கை