கேஸ் முடியும் வரை

2024 செப்டெம்பர் 14, சனி

பருப்பு பாதி வெந்திருக்கும்போது கேஸ் முடிந்தது. கீழ் வீட்டு அஸீம் நானாவுக்குச் சொன்னேன். அஸர் தொழுகைக்குப் பிறகு புதுச் சிலிண்டரைத் தோளில் வைத்துப் படியேறி வந்தார். பின்னால் அவர் மனைவி கைரியா. தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு ஆண் ஒருவர் தனியே வரக்கூடாது என்பதால் ஒவ்வொரு முறையும் அவளும் வருவாள். சிலிண்டரை அவர் தூக்குவார், மரியாதையை இவள் தூக்குவாள். அவர் அதை அடுப்பில் பூட்டிவிட்டு வாசலில் கோப்பையோடு காத்திருக்க, இவள் குசினிக் கதிரையில் அமர்ந்து இஞ்சித் தேத்தண்ணி குடித்து, ஊர்க்கதை முழுவதையும் கொட்டிவிட்டுத்தான் எழும்புவாள்.

பிறகு தெஹிவளையிலிருந்து தம்பி அஸ்ஃபரின் அழைப்பு. "ஒரு சிலிண்டர் தூக்க ஆளில்லாத வூட்டுல என்னத்துக்கு ராத்தா ஈக்கிறீங்க? வித்துட்டு இங்க வாங்க. ஒரு ரூம் ஈக்கு தானே." உம்மா மௌத்தான நாளிலிருந்து இதே பாட்டுத்தான். அந்த ரூமை எனக்குத் தெரியும். அயர்ன் மேசையும் பழைய சைக்கிளும் இருக்கும் ரூம். மூன்றாவதாக நான்.

போகமாட்டேன். கட்டுகஸ்தோட்டையில் இந்த மேட்டில்தான் இருப்பேன். சிலிண்டர்தான் பிரச்சினை என்றால் அதைத் தூக்கிக் காட்டுகிறேன்.

செப்டெம்பர் 18, புதன்

ஒஃபிஸ் முடிந்து கண்டி டவுனிலேயே ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். மாலையில் பெண்களுக்கு என்று தனி நேரம் இருக்கிறது. சொல்லிக் கொடுப்பவள் டிலானி, மடுல்கெல்லக்காரி, என் வயதில் பாதி இருப்பாள்.

"உடம்பு குறைக்கவா அக்கா?"

"இல்ல. கேஸ் சிலிண்டர் தூக்க."

அவள் சிரிக்கவில்லை. எங்கேயோ போய், கூட்டுகிற தும்புத்தடி ஒன்றை எடுத்து வந்தாள். அதை முதுகோடு ஒட்டிப் பிடித்துக் குனிய வேண்டும். தலை, மேல்முதுகு, இடுப்பு மூன்றும் தடியை விட்டு விலகக்கூடாது. "முதுகு வளையக் கூடாது. இடுப்ப பின்னால தள்ளுங்க, கை நெறைய சாமானோட கதவச் சாத்துற மாதிரி." ஒரு மணித்தியாலம் இல்லாத கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். பாரம் தருவாள் என்று பார்த்தால், "மொதல்ல குனியப் பழகுங்க" என்றாள். காசு கட்டிக் குனியப் பழகுகிறேன்.

செப்டெம்பர் 20, வெள்ளி

படி ஏற முடிகிறது, இறங்க முடியவில்லை. கழிவறையைப் பற்றி எழுத வேண்டாம். இரண்டாம் நாள்தான் நோவு கூடுமாம். முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

அக்டோபர் 9, புதன்

டிலானி ஏசினாள். நேற்றும் போனேன், முந்தாநாளும் போனேன்.

"தெனமும் வராதீங்க அக்கா. கிழமைக்கு மூணு நாள் போதும். சதை இங்க வளராது, வீட்டுல தூங்கறப்பதான் வளரும். ஒரு நாள் செஞ்சா ஒரு நாள் விடுங்க."

சரி என்றேன். வேறென்ன சொல்ல? அங்கே போனால் ஒருத்தி என் பெயரைக் கேட்டு எழுதுகிறாள், நேற்று எத்தனை தூக்கினேன் என்று நினைவு வைத்திருக்கிறாள் என்றா? ஒஃபிஸில் நான் "மிஸ்". வீட்டில் எனக்குப் பெயரே தேவைப்படுவதில்லை.

அக்டோபர் 10, வியாழன்

ஓய்வு நாள். சதை வளர்ந்துகொண்டிருக்கும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

சாப்பாடு போதாது என்கிறாள் டிலானி. தேத்தண்ணியும் பணிஸும் சாப்பாடு இல்லையாம். ஒவ்வொரு வேளையும் முட்டையோ மீனோ பருப்போ கடலையோ இருக்க வேண்டும். இன்று நெத்தலி வதக்கி, இரண்டு முட்டை அவித்தேன். சோறு வழக்கம்போல ரைஸ் குக்கரில். அதனால்தான் ஒரு சிலிண்டர் எனக்கு மூன்று மாதம் ஓடுகிறது. ஒருத்திக்குச் சமைப்பதில் பெரிய வேலை, சட்டியைக் கழுவுவதுதான்.

கிழமைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கூட்டுகிறோம். கூட்டும்போது முதுகு கோணினால் உடனே குறைத்துவிடுகிறாள். எனக்குக் கோபம் வரும். அவளுக்கு வராது.

டிசம்பர் 7, சனி

கேஸ் முடிந்தது. நானா கொண்டுவந்து வாசலில் வைத்ததும், "விடுங்க, நான் உள்ளே கொண்டு போறேன்" என்றேன். முழங்கால் வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. நானா சிரிக்காமல் வாங்கிக்கொண்டார்.

கைரியா என் மேல்கையை அமுக்கிப் பார்த்தாள். "அல்லாவே, கல்லு மாதிரி." இரண்டு கோப்பை குடித்தாள். கீழே இருந்து அவள் மாமி, நானாவின் உம்மா அபீபா, கூப்பிடும் சத்தம் கேட்டது. "கூப்பிடட்டும்," என்றாள். "வேற எங்க போனாலும் ஆயிரம் கேள்வி. கேஸுக்கு எண்டா மட்டும் ஒண்டும் கேக்கமாட்டா." நேரம் போனதே தெரியவில்லை. அவள் போன பிறகு குசினி பெரிதாகிவிட்டது.

2025 பெப்ரவரி 22, சனி

தூக்கிவிட்டேன்.

றோட்டுக் கடையிலிருந்து வீடு வரை, எல்லாப் படியும். நாலு தடவை நின்றேன். ஒவ்வொரு தடவையும் டிலானி சொன்னபடி: வைக்கும்போதும் முதுகு நேர், தூக்கும்போது மூச்சை விடு, அவசரம் வேண்டாம்.

பாதி வழியில் அஸீம் நானாவின் கேட். "குடுங்க ராத்தா," என்று ஓடி வந்தார். "வேணாம் நானா, எனக்கேலும்." நின்றுகூடப் பேசவில்லை. நின்றால் மறுபடி தூக்க வேண்டும். கைரியா தலைக்கு ஷோலைப் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள். சிரித்துவிட்டு ஏறினேன்.

அஸ்ஃபருக்குப் படம் அனுப்பினேன். "சரி ராத்தா, இனி ஒண்டும் செல்லல்ல" என்று பதில். வென்றுவிட்டேன். வீடு எனக்கே.

தேத்தண்ணி ஊற்றினேன். பழக்கத்தில் மூன்று பேருக்கு இஞ்சி தட்டியிருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

எட்டாம் நோன்பு. பள்ளிவாசல் கஞ்சி என் கேட்டில் தொங்கியது. கைரியாதான் கொண்டுவந்து மாட்டியிருக்க வேண்டும், அவள் வீட்டுத் தூக்குவாளி. கூப்பிடவில்லை. போன வருடமெல்லாம் கூப்பிட்டுத்தான் தந்தாள்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். வட்டிலப்பம் கொண்டு கீழே போனேன். வாசலில் நானாவே வாங்கிக்கொண்டார். "ஒங்களுக்கு இப்ப எங்கட ஒதவி தேவல்ல தானே" என்றார். சிரித்துத்தான் சொன்னார். பகிடி இல்லை.

அட மடச்சி. அந்தக் கேட்டைத் தாண்டி நான் தூக்கிக்கொண்டு போனது சிலிண்டரை மட்டுமா? அந்த வீட்டு மனிதரின் முகத்துக்கு நேரே, நீங்கள் எனக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டல்லவா போயிருக்கிறேன். உதவி வேண்டாம் என்றால் இங்கே ஆள் வேண்டாம் என்றுதான் அர்த்தம். இத்தனை வயதுக்கு அது தெரியாமலா?

எனக்குக் கைரியா வேணும். கேஸ் தூக்க இல்ல. சும்மா.

ஏப்ரல் 16, புதன்

"சிலிண்டர் தூக்கியாச்சு. அடுத்தது என்னக்கா?" என்று டிலானி கேட்டாள்.

தும்புத்தடியை எடுத்து முதுகோடு வைத்து, மறுபடி முதலிலிருந்து குனிந்தேன்.

மே 17, சனி

காலையில் அடுப்பு நீலத்திலிருந்து மஞ்சளாகி அணைந்தது. எனக்குச் சந்தோஷம். கேஸ் முடிந்து சந்தோஷப்பட்ட முதல் மனுஷி நானாகத்தான் இருப்பேன்.

புதுச் சிலிண்டரை அவர்கள் கேட் வரை தூக்கி வந்து, அங்கே வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். கைரியா வந்தாள்.

"நானா கலகெதர கடைக்குப் போய்ட்டாரே ராத்தா."

"நானா வேணாம். நீ ஒரு பக்கம் புடி."

"ஒங்களுக்குத் தனியே ஏலும் தானே?" கண்ணைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏலும். தனியே தூக்கினா நீ வாறதில்லையே."

சிலிண்டரின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "எனக்கும் இந்த மூணு மாசத்துக்கு ஒருக்கா வாறதுதான் ஈந்திச்சி," என்றாள். "அதையும் நீங்களே தூக்கிட்டுப் போய்ட்டீங்க."

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "முதுக வளைக்காத, இடுப்ப பின்னுக்குத் தள்ளு," என்று மட்டும் சொன்னேன். அவள் குனிந்து ஒரு பக்கத்தைப் பிடித்தாள். உள்ளேயிருந்து அபீபா மாமி, "எங்க போறாய்?" என்று சத்தம் போட்டார்.

"ருக்கியா ராத்தாட கேஸ் தூக்க, மாமி."

மாமி வேறொன்றும் கேட்கவில்லை.

ஒவ்வொரு வளைவிலும் நின்றோம். அவளுக்கு மூச்சு வாங்கினால் நின்றோம், கதை சுவாரசியமானால் நின்றோம். தனியாக வந்திருந்தால் இதில் கால்வாசி நேரம்கூட ஆகாது. பெருநாளில் யார் யார் வந்தார்கள், அது கழிந்து இரண்டு நாளில் நானாவின் கோபம் போனது, தானாக வந்து பேச வெட்கப்பட்டுத்தான் அவரும் ஒதுங்கி இருந்தது, எல்லாம் படியிலேயே சொல்லி முடித்தாள். மேலே வந்து தேத்தண்ணிக்கு வேறு கதை வைத்திருந்தாள்.

புறப்படும்போது குசினியைச் சுற்றிப் பார்த்தாள். ரைஸ் குக்கரின் வயரைக் கழற்றிச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"இனி சோத்தக் கேஸ்லயே ஆக்குங்க ராத்தா. கேஸ் சுருக்கா முடியட்டும்."

இப்போது சோறு கொதிக்கிறது, பெரிய நெருப்பில்.