படியேறிப் பழகுகிறேன்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? நான் கொதித்துப் போயிருக்கிறேன்.

இன்று காலை மேனேஜர் கூப்பிட்டு, இனி நீச்சல் சொல்லித்தர வேண்டாம், டிக்கெட் கவுண்டரில் உட்கார் என்றார். காரணம் கேட்டேன். "உங்க அண்ணன் போன் பண்ணார்மா. மனசுக்கு வைத்தியம் பாக்குறீங்களாமே?" என்றார். பதினொரு வருடம் அந்தக் குளத்தில் பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்தவள் நான்.

என் இதயம் தாளம் தப்புவது ஈசிஜி தாளிலேயே இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறேன். ஆனால் மறுபடி எப்போது படபடக்குமோ என்ற பயத்தில் மாடிப்படி ஏறுவதை விட்டேன், தனியாகக் கடைக்குப் போவதை விட்டேன். அந்தப் பயத்துக்காகத்தான் இதய டாக்டரே என்னை மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். உங்களை நம்பி அதைச் சொன்னது என் தப்பு.

தங்கை


மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

கடிதம் படித்து உன் அண்ணி என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை. தண்ணீருக்குள் நீ மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? உன் நல்லதுக்குத்தான் செய்தேன். இதயக் கோளாறுக்கு இதயத்துக்கு வைத்தியம் பார். உட்கார்ந்து பேசினால் துடிப்பு சரியாகிவிடுமா? கவுண்டரில் மின்விசிறி இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. என்ன குறைச்சல்?

அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணனுக்கு,

பேசினால் துடிப்பு சரியாகாது. ஆலோசகர் அம்மாவே முதல் நாள் அதைச் சொல்லிவிட்டார். "துடிப்பை டாக்டர் பாத்துக்குவார். பயந்துபோய் நீங்க எதையெல்லாம் விட்டீங்களோ, அதை நாம பாப்போம்" என்றார்.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு என்னை மாடிப்படி ஏறவைத்தார். மூன்றாவது மாடியில் நெஞ்சு அடித்துக்கொண்டது. செத்தேன் என்று கைப்பிடியைப் பற்றினேன். அவர் பக்கத்திலேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கியது. மறுவாரம் தனியாக ஏறினேன்.

கரையில் இன்னொரு பயிற்சியாளர் இருந்தால் நான் குளத்தில் இறங்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதை மேனேஜர் மேஜையில் வைத்தேன். "உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுறேன்மா" என்றார். "என் உடம்பு சார். அவரை எதுக்குக் கேக்கணும்?" என்றேன். கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து சின்னப் பிள்ளைகள் வகுப்பு எனக்கு.

வேலைப் படிவத்தில், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் இத்தனை வருடம் உங்கள் பெயர் இருந்தது. அதை அடித்துவிட்டு, என்னோடு வேலை பார்க்கும் தோழியின் பெயரை எழுதினேன்.

பிள்ளைகளைப் பார்க்க வருவேன். படிப்பைப் பற்றிப் பேசுவோம், மழையைப் பற்றிப் பேசுவோம். என் உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.

தங்கை