தங்கையின் ஓட்டு

1984 ஜனவரி 5, வியாழன்

காற்று. மாட்டுத் தொட்டியில் உறைந்திருந்த தண்ணீரை உடைத்தேன். முழங்கால் வலி.

மத்தியானம் தங்கை லவோன் வந்தாள். அவள் கணவன் ஹாலிஸுக்கு நெஞ்சில் ஆபரேஷன். சனிக்கிழமை கால்வாய்ப் பங்குதாரர் கூட்டத்துக்கு வர முடியாதாம். அவளுடைய பங்குகளுக்கும் என்னையே ஓட்டுப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தாள்.

"உனக்கு என்ன போடுறியோ அதையே எனக்கும் போட்டுடுண்ணே. யோசிக்கவா போறே?"

நகரத்துக்குத் தண்ணீர் வாங்க வந்தவனிடம் என் பங்குகளை விற்க நவம்பரிலேயே கையெழுத்துப் போட்டாயிற்று என்று அப்போதே சொல்லியிருக்கலாம். காபி ஊற்றிக் கொடுத்தேன். அவள் போனதும் என் மனைவி எர்லீன் பாத்திரம் கழுவியபடியே, "அவகிட்ட சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?" என்றாள். வரவில்லை.

ஜனவரி 7, சனி

சர்ச்சின் கீழ் அறையில் கூட்டம். பங்கை விற்ற என்னைப் போன்றவர்களின் தண்ணீரைக் கால்வாய்க்குள் விடாமல் ஆற்றிலேயே நகரத்துக்குத் திருப்பிக்கொள்ள அனுமதிக்கலாமா என்பதுதான் கேள்வி. காரியதரிசி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

"பாய்ட், உங்க பங்கு?"

"சம்மதம்."

"உங்க தங்கச்சி பங்கு?"

"சம்மதமில்லை."

பின்வரிசையில் யாரோ, "ஒரே வாயா ரெண்டையும் சொல்லுச்சு?" என்றார்கள். சிரித்தார்கள். நானும் சிரித்தேனே, அதுதான் தாங்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

சர்க்கரை ஆலை மூடி எத்தனை வருஷம்? சர்க்கரைப் பீட்ரூட்டை இனி யார் வாங்குகிறார்கள்? மகன் கர்ட்டிஸ் திரும்பி வரப்போகிறானா? எல்லாம் சரிதான். அப்புறம் ஏன் வண்டியை ஆள் இல்லாத பாதையில் ஓட்டி வந்தேன்?

ஜனவரி 8

சர்ச்சுக்குப் போகவில்லை. எர்லீன் மட்டும் போனாள்.

ஜனவரி 11

ஆஸ்பத்திரியிலிருந்து லவோன் போன். ஓட்டு விஷயத்தை யாரோ சொல்லிவிட்டார்கள். ஹாலிஸ் சூப் குடித்தாராம். பிறகு, "என் ஓட்டை நான் நெனச்சபடியே போட்டுட்டே, தேங்க்ஸ்ணே," என்றாள். கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன்.

மார்ச் 24

கால்வாய் சுத்தம் செய்யும் நாள். பங்கு இல்லாதவனுக்கு அங்கே வேலையே இல்லை. காலையில் எழுந்ததும் கை தானாக மண்வெட்டியை எடுத்துவிட்டது. "என்ன பாய்ட், பழக்க தோஷமா?" என்றார்கள். போ என்று ஒருவரும் சொல்லவில்லை. சாண்ட்விச்கூடக் கொடுத்தார்கள். களைகளுக்கு நெருப்பு வைத்து, புகைக்குள்ளேயே நின்றுகொண்டேன்.

ஏப்ரல் 16

முதல் தண்ணீர். வருஷா வருஷம் செய்கிற மாதிரி கவைக்கோலோடு அதற்கு முன்னால் நடந்தேன், சருகுகளை இழுத்துப் போட்டபடி. என் மதகைப் பூட்டியிருந்தார்கள். தாண்டி நடந்தேன். பாதித் தண்ணீர்தான், மெதுவாக வந்தது. வழியெல்லாம் காய்ந்த மணல், அது முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்கிறது. லவோன் நிலம் கடைசி. அதற்கு ஒரு மைல் முன்னாலேயே நுரையும் சருகுமாக நின்றுவிட்டது.

கால்வாய் நிறைய ஓடினால்தான் கடைசிவரை போகும் என்பது எனக்குத் தெரியாதா என்ன? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். இவ்வளவு நாளும் என் தண்ணீர்தான் அவள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அவள் பங்குக்கு ஒரு குறையும் இல்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஒன்றும் இல்லை. அன்றைக்கு 'சம்மதமில்லை' என்று சொல்லிவிட்டால் அவளைக் காப்பாற்றிவிட்டதாக — சே.

அவள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தன் மதகில் நிற்பது தெரிந்தது. கையசைத்தாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 30

கர்ட்டிஸ் வீட்டில் இரண்டு நாள். எங்கள் தண்ணீரை வாங்கிய அதே நகரத்தில் உச்சிவெயிலில் சாலையோரப் புல்லுக்குத் தெளிப்பான் ஓடிக்கொண்டிருந்தது, பாதி தார்ச்சாலையில். பார்த்துக்கொண்டே நின்றேன். "அப்பா, தள்ளி நில்லுங்க, ஷூ நனையுது," என்றான்.

ஆகஸ்ட் 9

லவோனின் முலாம்பழக் கொடிகளில் பிஞ்சோடு சுருங்கியவைதான் அதிகம். எங்கள் கிணற்றிலிருந்து டாங்கரில் கொண்டு வரட்டுமா என்றேன். "வேண்டாம்ணே, கொடிக்கு இனி குடிக்கத் தெம்பில்லை," என்றாள். எனக்கும் நல்லதாக ஒரு பழம் தேடிக் கொடுத்தாள்.

அதை இன்னும் வெட்டவில்லை.

செப்டம்பர் 22

லவோன் வந்தாள். ஹாலிஸ் வண்டியிலிருந்து இறங்கவில்லை. உட்காரச் சொன்னேன், அவள் கதவருகிலேயே நின்றாள்.

"பங்கு வாங்குற அந்த நகரத்து ஆளோட நம்பர் உன்கிட்ட இருக்குமேண்ணே?"

தேடுகிற மாதிரியாவது மேஜை இழுப்பறையைத் திறந்திருக்கலாம். கடகடவென்று சொல்லிவிட்டேன். அவள் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

"மனப்பாடமாவே வச்சிருக்கியா?" என்றாள்.