நாலாம் நம்பர் வண்டியின் உரசல்

ஆக. 6, புதன்
காலையிலிருந்தே தூறல். பெங்களூர் பொம்மனஹள்ளியில பஸ் கிடைக்க முக்கால் மணி நேரம். ரைடு மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தா ஓனர் கேட்டிலேயே நிக்கிறார்.

நெ.4 ஏ.டி.வி., மேடு பள்ளத்துல ஓட்டுற நாலு சக்கர வண்டி. பத்து வருஷப் பழசு. இடது பக்கம் பெல்ட் கவர் எங்கேயோ உரசுது. சர்ர் சர்ர்னு. நேத்து ஓட்டினவங்க பயந்து பாதியிலேயே இறங்கிட்டாங்களாம்.

"ஞாயித்துக்கிழமை கம்பெனிக்காரங்க ஃபேமிலியோட வர்றாங்க. எல்லா வண்டியும் ஓடணும். உன்னால முடியலன்னா வெளியாளைக் கூப்பிடுறேன், நீ மறுபடி டிக்கெட் கவுண்டர்ல உக்காரும்மா."

மூணு வருஷம் அந்தக் கூண்டுக்குள்ள உக்காந்தாச்சு. ஸ்பேனர் கைக்கு வந்து ஒரு மாசம்தான். போக மாட்டேன்.

ஆக. 7, வியாழன்
கவர் கழட்டியாச்சு.
பெல்ட்: நல்லா இருக்கு.
திருகு: எல்லாம் இருக்கு, டைட்.
கவரோட அடி விளிம்பு: பளபளன்னு தேய்ஞ்ச தடம். ஃபுட்ரெஸ்ட் கம்பியில இடிக்குது. மாட்டிக்கிட்டான் திருடன்!

அரம் போட்டு ராவினேன். மாட்டி ரெண்டு சுத்து ஓட்டினேன். சத்தமே இல்ல. அப்பாடா. டிரையல் புக்குல "நெ.4 ஓகே", கையெழுத்து.

ஓனர் எட்டிப் பாத்து, கன்னடத்துல, "சரி ஆய்த்தா?" "ஆய்த்து சார்." எவ்வளவு மிதப்பு எனக்கு!

வீட்டுக்காரர்: "மெக்கானிக்கம்மா போட்ட டீயில கிரீஸ் வாசனை." போய்யா.

ஆக. 8, வெள்ளி
வர்றவங்களை ரைடுக்குக் கூட்டிட்டுப் போற சுரேஷ் நெ.4-ல ஒரு சுத்து போனான். தொண்ணூறு கிலோ ஆளு. மேட்டுல ஏறும்போது மறுபடி சர்ர். "அக்கா, உங்க வண்டி ஆள் பாத்து கத்துது."

நான் நாப்பத்தஞ்சு கிலோ. நான் ஓட்டிப் பாத்தா என்ன தெரியும்? இதைக்கூட யோசிக்கல, மண்டு.

அவனை உக்காரச் சொல்லி அடியில குனிஞ்சு பாத்தேன். எஞ்சினே இடது பக்கம் சாயுது, அதான் கவர் கம்பியில இடிக்குது. எஞ்சினைப் பிடிச்சிருக்கிற இரும்புல சேத்துக்கு அடியில விரிசல். பாதி வரைக்கும். இறக்கத்துல அது உடைஞ்சா செயின் கழண்டு சக்கரம் சிக்கிக்கும். ஆளோட கவுந்துடும்.

ஓனர்கிட்ட சொல்லணும். சொல்லல. சுரேஷ்கிட்டயும் வாயத் திறக்காதேன்னுட்டேன். பயம், வேற என்ன.

ஆக. 9, சனி
மழை. மூணு வெல்டிங் கடைக்குப் போன். எல்லாரும் ஒரே பதில்: எஞ்சினை இறக்கணும், செவ்வாய்க்கு முன்னாடி முடியாது.

இன்னைக்கும் சொல்லல. நாளைக்கு எப்படியாவது நெ.4-ஐ ஓரமா நிறுத்திடலாம்னு நினைப்பு.

ஆக. 10, ஞாயிறு
நல்ல வெயில். நான் ஹெல்மெட் எண்ணிட்டு வர்றதுக்குள்ள நெ.4-ல ஒரு அம்மா, முன்னால ஆறு வயசுப் பொண்ணு. எஞ்சின் ஓடுது. ஓடிப் போய் சாவியைப் பிடுங்கிட்டேன். "இறங்குங்க, இறங்குங்க!"

ஓனர் வந்தார். "ஓகேன்னு நீதானே எழுதின?"

"தப்பா எழுதிட்டேன் சார்." விரிசலைக் காட்டினேன்.

குனிஞ்சு பாத்தார். "எப்போ தெரியும்?"

"வெள்ளிக்கிழமையே."

கத்துவார்னு நினைச்சேன். கத்தல. "விரிசல் உன் தப்பில்லம்மா. ரெண்டு நாள் பேசாம இருந்தியே." கவுண்டரைக் கை காட்டினார். போய் உக்காந்தேன்.

அந்தப் பொண்ணு வேற வண்டியில ஏறி, என்னைப் பாத்துக் கை ஆட்டிச்சு. பாக்காத மாதிரி டிக்கெட் கிழிச்சேன்.