அன்றைக்கு நீ குடித்திருக்கவில்லை

ஏலே பெனிட்டு, என் பொன்னு தம்பி,

நீ போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. கோவில் பங்கு மடலில் போட ஒரு நினைவஞ்சலி எழுதித் தரச் சொன்னார்கள். நல்லவர், பாசமானவர், இறைவனில் இளைப்பாறுகிறார் என்று நாலு வரி போதுமாம். எனக்கு அந்த நாலு வரி வரவில்லை, கோபம்தான் வருகிறது. உன் மேலே, ஊர் மேலே, எல்லாவற்றுக்கும் மேலாக என் மேலே. அதனால் உனக்கே எழுதுகிறேன். போட்டால் போடட்டும், கிழித்தால் கிழிக்கட்டும். போடாவிட்டால் நானே நகல் எடுத்துக் கோவில் வாசலில் நின்று கொடுப்பேன்.

போன மாதம் இங்கே மதுவிலக்குக் கூட்டம் நடந்தது. உன் மகள் அனிஷா, நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை, மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தாள். "எங்க அப்பா குடிச்சே செத்தாரு. அவரு மாதிரி யாரும் ஆயிராதீங்க" என்றாள். சனம் கைதட்டியது. பெண்கள் சங்கத் தலைவி என்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் தட்டினேன். இப்போது நினைத்தாலும் கை கூசுகிறது.

நீ என்ன குடித்தாய், எவ்வளவு குடித்தாய் என்று கடியப்பட்டணத்தில் யாருக்காவது தெரியுமா?

எனக்குத் தெரியும். சுனாமிக்கு மறுவருஷம் நீ கப்பலில் சாப்பாடு பரிமாறுகிற வேலைக்குப் போனாய். இரண்டாவது லீவில் ஜப்பானில் கோபே துறைமுகத்திலிருந்து ஒரு விஸ்கி பாட்டிலைக் கொண்டுவந்து என் அடுக்களையில் வைத்தாய். உன் அத்தான் குவைத்தில், என் மகள் காலேஜில். பட்டப்பகல் மூன்று மணி. "யக்கா, ஒன் மூக்கு வேணும்" என்றாய். கருவாட்டுக் கூடையை மோந்தே எத்தனை நாள் வெயில் கண்டது என்று சொல்கிறவள் நான். அதற்காக இதையுமா? செருப்பைத் தூக்கினேன். "குடிக்காண்டாம், மணத்து மட்டும் பாரு" என்று கெஞ்சினாய்.

அடி பருத்து வாய் குறுகிய இரண்டு சின்ன கிளாஸ். ஒரு விரல் உயரம்கூட நீ ஊற்றவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு மோந்தால் காட்டம் அடிக்காது என்று சொல்லித் தந்தாய். முதலில் ஆரஞ்சுத் தொலி காய்ந்த மணம், அப்புறம் தேன். பிறகு ஸ்பூனால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாய். அடியிலிருந்து ஒன்று எழும்பி வந்தது. எனக்கு நன்றாகப் பழகிய மணம். "லேய், இது பூசை முடிஞ்ச பெறவு கோயிலுக்குள்ள நிக்கிய மணம்லா? குந்திரிக்கம்லா?" என்றேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சாம்பிராணி என்று நோட்டில் எழுதிக்கொண்டாய்.

அடுத்த லீவில் வந்து சொன்னாய். கோபேயில் மதுக்கடை வைத்திருக்கும் கிழவரிடம் என் வார்த்தையைச் சொல்லியிருக்கிறாய். அவர்கள் நாட்டில் மிசுநாரா என்று ஒரு மரமாம். அந்த மரத்துப் பீப்பாயில் வருஷக்கணக்காகக் கிடந்தால் அவர்கள் கோவில் ஊதுவத்தி மணம் ஏறுமாம். "ஒனக்கு இத யாரு சொன்னதுன்னு கேட்டான். எங்க அக்கா, கருவாடு விக்கான்னேன். எந்திச்சு நின்னு குனிஞ்சு கும்பிட்டான் யக்கா!" ஐம்பது வயதுக்குள் என்னை ஒருவரும் எதற்கும் எழுந்து நின்று கும்பிட்டதில்லை. அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் குடித்தேன். நாக்கில் நிறுத்தி, மெல்ல இறக்கி, மூக்கு வழியாக மூச்சு விட்டேன். என்ன சுகம் தெரியுமா அது?

அப்புறம் நீ லீவில் வந்தால் வாரத்தில் ஒரு நாள், ஆளுக்கு அரை விரல். அதைக் குடித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். ஒரு பாட்டிலில் தேங்காய்ச் சிரட்டை எரிந்து அணைந்த புகை இருக்கிறது என்பேன், நீ இல்லை என்பாய், சண்டை போடுவோம். வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். திறந்த பாட்டில் என் அரிசிப் பானைக்குப் பின்னால்தான் இருக்கும். உன் வீட்டில் நீ ஒரு சொட்டு தொட்டதில்லை. லேபிள் அழகாக இருக்கிறது என்று ஒரு காலிப் பாட்டிலை ஷோகேசில் வைத்தாய் பார், அது போதும் ஊருக்கு. ஜப்பான் குடிகாரன் என்று பட்டம் கட்டிவிட்டார்கள்.

அந்த நாளைச் சொல்லத்தான் இவ்வளவும்.

காலை பதினொரு மணிக்கு உன் வாசல்படியில் சரிந்து விழுந்தாய். உன் பெண்டாட்டி ரோஸ்லின் கூப்பிட்டு நான் ஓடி வந்தபோது பெரியப்பா மகன் சூசை அண்ணன் அங்கே நின்று நியாயம் பேசிக்கொண்டிருந்தார். "காலம்பறயே ஏத்தியாச்சு. மோரக் குடுத்துப் படுக்கப் போடுங்க, தானா தெளியும்." ரோஸ்லின் மானத்துக்குப் பயந்து கதவைச் சாத்தினாள். உன் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை துவண்டு கிடந்தது. பேச்சு குழறியது.

குனிந்து உன் வாயை மோந்தேன். பால் விடாத கட்டஞ்சாயா, சாளை மீன் குழம்பு. வேறு ஒன்றும் இல்லை. ஒரு மிடறில் மூன்று மணம் பிரிக்கிற மூக்குக்கு இது தெரியாதா? "அண்ணா, இவன் குடிக்கல்ல" என்றேன்.

சூசை அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, ஒனக்கு எப்பிடித் தெரியும்? நீ குடிச்சிருக்கியா?"

ஆமா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆமா அண்ணா, நான் குடிப்பேன், இவன்கூட உட்கார்ந்து குடிப்பேன், பாட்டில் என் வீட்டில் இருக்கிறது, இவன் அதைத் தொட்டுப் பத்து நாள் ஆகிறது, வண்டி பிடியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வருகிற ஞாயிறு என் மகளுக்குக் கோவிலில் முதல் ஓலை வாசிக்க வேண்டும், கல்யாண அறிவிப்பு. மாப்பிள்ளை வீட்டார் கறாரானவர்கள் என்று கேள்வி. சாராயக்கடையை மூடச் சொல்லி ஊர்வலத்தில் பேனர் பிடித்தவள் வேறு நான். வாயை மூடிக்கொண்டேன்.

நீ இடது கையால் என் சேலையைப் பிடித்தாய். "யக்... யக்..." என்றாய். என்ன சொல்ல வந்தாய் பெனிட்டு? மோரைக் கலக்கி வந்து உனக்குப் புகட்டியது யார் என்று ஊருக்குத் தெரியட்டும். நான்தான் புகட்டினேன்.

நாலு மணிக்கு உனக்கு நினைவு தப்பியபிறகுதான் நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். தலையில் ரத்தம் அடைத்திருக்கிறது, விழுந்த உடனே கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் போய்விட்டாய். குடித்ததால்தான் அடைப்பு வந்தது என்று சூசை அண்ணன் ஊருக்கு விளக்கம் சொன்னார். அடக்கப் பூசைப் பிரசங்கத்திலும் அதே பேச்சு. நான் தலையைக் குனிந்து ஆமென் சொன்னேன்.

இன்னும் கேள். ஏழாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, எனக்காக நீ பெட்டியில் பிரிக்காமல் வைத்திருந்த பாட்டிலை ஆம்பிளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் மரத்தில் உறங்கியதைக் கோலாவில் கலக்கி, மாங்காய் ஊறுகாயை நக்கிக்கொண்டு ஒரே மூச்சில் தீர்த்தார்கள். "மூட்டப்பூச்சி மருந்து கணக்கா நாறுது" என்றார் சூசை அண்ணன், சொல்லிவிட்டு இன்னொரு கிளாஸ் ஊற்றினார். "இந்தக் குடிதான் பாவம் அவனக் கொண்டு போச்சு" என்று அதைக் கையில் வைத்துக்கொண்டே பெருமூச்சு விட்டார். ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். நான் சத்தியம் வாங்கினால் நீ அப்படியே காப்பாற்றுவாயா? ரோஸ்லினிடம் மட்டுமாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? உன்னைத் திட்டி என்ன பயன், நாக்கு நன்றாக இருந்தவள் நான் அல்லவா அன்றைக்கு அங்கே நின்றேன்.

என் மகள் சுகமாக இருக்கிறாள். மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் லீவு நாளில் மொட்டை மாடியில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். கோழி பொரித்து மேலே அனுப்புகிறாள் சம்பந்தி. யாருக்குப் பயந்து உன்னைச் சாகவிட்டேனோ, அவர்கள்தான்.

நாளை அனிஷா விடுதியிலிருந்து வருகிறாள். இந்தக் கடிதம் அச்சில் வருவதற்கு முன்னால் அவளையும் ரோஸ்லினையும் உட்காரவைத்து என் வாயாலேயே சொல்லப்போகிறேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. உங்கப்பா அன்றைக்குக் குடிக்கவில்லை, எனக்கு எப்படித் தெரியும் என்றால் நான் அவனோடு குடிக்கிறவள் என்று. ரோஸ்லின் என் மூஞ்சியில் துப்பலாம், துடைத்துக்கொள்கிறேன். எனக்குப் பயம் அனிஷாவிடம்தான். நர்சுக்குப் படிக்கிற பிள்ளை, அழுது முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள். "எத்தன மணி நேரம் போட்டு வச்சிருந்தீங்க மாமி?"

ஒரு நிமிஷம்கூடக் குறைக்காமல் சொல்வேன். அஞ்சு மணி நேரம் மக்களே, அஞ்சு மணி நேரம்.

இப்படிக்கு,
உன்னோடு உட்கார்ந்து குடித்த
உன் கூடப்பிறந்த அக்கா,
செலின்